பென் டிரைவில் லினக்ஸ்: மூன்று மாதம் தாங்குமா?

கேள்வி இது. லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதிது வாங்க இன்னும் மூன்று மாதமாவது ஆகும். கல்லூரியில் கடைசி செமஸ்டர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முடிக்க வேண்டும். அதனால் ஒரு 32 ஜிபி பென் டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை முழுசாக இன்ஸ்டால் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ரேம் 4 ஜிபி. முதல் நாள் பரவாயில்லாமல் ஓடியது, இப்போது பிரவுசரைத் திறந்தாலே உறைந்து நிற்கிறது. இப்படியே ஓட்டினால் பென் டிரைவ் கெட்டுவிடுமா?

மற்றதெல்லாம் அப்புறம். அந்த ரிப்போர்ட் இப்போது அந்தப் பென் டிரைவில் மட்டும்தான் இருக்கிறது என்றால், படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு அதை உங்கள் முகவரிக்கே ஒரு மெயிலாக அனுப்பிவிட்டு வாருங்கள். பென் டிரைவ் சாகும்போது ஹார்ட் டிஸ்க் மாதிரி டக் டக் என்று சத்தம் போட்டு எச்சரிக்காது.

சரி, பதிலுக்கு வருகிறேன். மூன்று மாதம் தாங்கும். ஆனால் இப்போது ஓட்டுகிற விதத்தில் ஓட்டினால் சந்தேகம்தான். பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை ஓட்டுவதில் தப்பே இல்லை. நம் கையில் இருக்கும் ஃபோன் எல்லாமே, பென் டிரைவுக்குள் இருப்பது போன்ற ஃபிளாஷ் மெமரியிலிருந்துதான் ஓடுகின்றன. 2007-இல் வந்த ஆசுஸ் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. 4 ஜிபி ஃபிளாஷில் லினக்ஸ் ஓடியது. எதிலிருந்து ஓட்டுகிறோம் என்பதைவிட, அதில் எவ்வளவு எழுதுகிறோம், எப்படி எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம். ஃபிளாஷைப் படிப்பதால் தேய்மானம் என்று சொல்லும்படி எதுவும் வராது. எழுதுவதுதான் அதைத் தேய்க்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் உறைந்து நிற்பதும் எழுதுவதால்தான். இரண்டுக்கும் ஒரே மருந்து என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடுத்த முறை உறையும்போது பென் டிரைவில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். மவுஸ் அம்பு நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்காது. அந்த விளக்கு மட்டும் விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். இருபது முப்பது வினாடி கழித்து விளக்கு அடங்கும். அதுவரை கிளிக் செய்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். நான் முதன்முதலில் இதைப் பார்த்தபோது ரேம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். ஐஓடாப் என்று ஒரு கருவி இருக்கிறது; எந்த நிரல் எவ்வளவு எழுதுகிறது என்று வரிசையாகக் காட்டும். அதை ஓடவிட்டுப் பார்த்தால், முதலிடத்தில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், அடுத்து ஜேபிடி2. பின்னது, டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறை, செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் தன் குறிப்பேட்டை எழுதும் வேலை. நான் ஒரு வரிகூட டைப் செய்யவில்லை, ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏன் இவ்வளவு மெதுவு என்று புரிய, ஃபிளாஷ் எப்படி எழுதுகிறது என்று பார்க்க வேண்டும். ஜப்பானில் தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது இது. பென் டிரைவிலும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியிலும் இருக்கும் நாண்ட் வகையை அவரது குழு 1987-இல் வெளியிட்டது. அதற்கு ஒரு பிறவிக் குணம் உண்டு: சின்னச் சின்னப் பக்கங்களாக எழுதலாம், ஆனால் சின்னதாக அழிக்க முடியாது. சிலேட்டில் வரி வரியாக எழுதிக்கொண்டே போகலாம், ஆனால் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றாலும் சிலேட்டு முழுவதையும் கழுவித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் என்பது சில கேபி, பெரும்பாலும் 4 முதல் 16 கேபி. சிலேட்டு என்பது சில எம்பி வரை போகும். ஆக, 4 கேபி அளவுள்ள ஒரு மாற்றத்துக்காக, மோசமான நிலையில், 4 எம்பியைப் படித்து வேறிடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அழிக்க வேண்டி வரும். ஆயிரம் மடங்கு வேலை.

எஸ்எஸ்டியிலும் இதே ஃபிளாஷ்தானே, அது மட்டும் எப்படிப் பறக்கிறது? வித்தியாசம் கண்ட்ரோலர் சிப்பில். எஸ்எஸ்டியின் கண்ட்ரோலர் சின்னச் சின்ன எழுத்து வேலைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதும். எந்தச் சிலேட்டு எத்தனை முறை கழுவப்பட்டது என்று கணக்கு வைத்து, தேய்மானத்தை எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கிடும். பென் டிரைவின் கண்ட்ரோலர் அந்த வேலைக்குச் செய்யப்பட்டதே இல்லை. படத்தையும் பாட்டையும் பெரிய கோப்புகளாக ஒரே மூச்சில் எழுதுவதுதான் அதன் வேலை. மலிவானவற்றில் ஒரே நேரத்தில் ஒருசில சிலேட்டுகளைத்தான் திறந்து வைத்துக்கொள்ள முடியும். இயங்குதளமோ இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பத்து இடத்தில் எழுதும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்கிறது, விளக்கு துடிக்கிறது, நீங்கள் காத்திருக்கிறீர்கள். பெரிய கோப்பை வினாடிக்கு 20 எம்பி வேகத்தில் வாங்கிக்கொள்ளும் அதே பென் டிரைவ், இப்படிச் சிதறி எழுதும்போது வினாடிக்கு 100 கேபிகூடத் தராமல் போகும். யுஎஸ்பி 3 என்று அட்டையில் போட்டிருப்பது இதை மாற்றாது. அது கம்பியின் வேகம், உள்ளே எழுதும் வேகம் அல்ல.

இப்போது ஆயுள் கணக்கு. ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் அதிக மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்களை ஒரு மெல்லிய காப்புப் படலத்தின் வழியே தள்ளுகிறது. அந்தப் படலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும். ஒரு செல்லில், அதாவது ஃபிளாஷின் மிகச் சிறிய சேமிப்பு அறையில், ஒரு பிட் வைக்கும் பழைய எஸ்எல்சி வகை சுமார் 1 லட்சம் முறை தாங்கும். மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை ஆயிரம் முதல் மூவாயிரம் முறை. உங்கள் 32 ஜிபி பென் டிரைவ் ஆயிரம் முறை தாங்குகிறது என்று வைத்தால், மொத்தம் 32,000 ஜிபி எழுதலாம். ஒரு நாளைக்கு 5 ஜிபி எழுதினால் 6,400 நாள், அதாவது பதினேழு வருடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன கழுவிக் கழுவி எழுதும் வேலையால் அது உள்ளே இருபது மடங்காகிறது என்று வையுங்கள். தினம் 100 ஜிபி ஆகிவிடும், ஆயுள் 320 நாள். தேய்மானத்தைச் சரியாகப் பங்கிடாத மலிவு கண்ட்ரோலராக இருந்தால் அதிலும் பாதி போய்விடும். இந்த எண்கள் விளக்கத்துக்காகப் போட்ட கணக்குதான். ஆனால் பதினேழு வருடம் எப்படிச் சில மாதமாகச் சுருங்குகிறது என்பது இதில் தெரியும்.

இது பென் டிரைவுக்கு மட்டும் வந்த வம்பு அல்ல. டெஸ்லா கார்களில் நடுத் திரையை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு 8 ஜிபி இஎம்எம்சி ஃபிளாஷ் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு செல் தொகுதியும் 3,000 முறை எழுதி அழிக்கத் தாங்கும். கார் ஓட ஓட எழுதப்பட்ட பதிவுகளால் சில வருடத்திலேயே அது தேய்ந்தது. திரை இருண்டது, பின்பக்கக் கேமரா காட்சியும் கண்ணாடிப் பனியை நீக்கும் கட்டுப்பாடும் அதோடு போயின. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்து, 64 ஜிபி ஃபிளாஷ் மாற்றித் தர வேண்டியதாயிற்று. கார்த் திரையை இருட்டாக்கிய அந்தப் பதிவுக் கோப்புகளுக்கு, நாம் லாக் என்று சொல்லும் அவற்றுக்கு, உறவினர்கள் உங்கள் உபுண்டுவிலும் இருக்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் இதைவிடத் தெளிவானது. விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ, பெரிய சர்வர்களில் ஓடும் இயங்குதளம். பல வருடம் அதை எஸ்டி கார்டிலும் பென் டிரைவிலும்தான் போட்டு வந்தார்கள், பிரச்சினையே இல்லை. காரணம், பூட் ஆனதும் அது ரேமுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கார்டைப் பெரும்பாலும் தொடாது. 2020-இல் வந்த 7.0 பதிப்பில் உள்ளமைப்பை மாற்றினார்கள், கார்டில் எழுதுவது அதிகமானது. பல இடங்களில் கார்டுகள் பழுதாகத் தொடங்கின, அடுத்த வருடமே கார்டில் மட்டும் நிறுவுவது வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. வருடக்கணக்கில் ஒழுங்காக இருந்த அதே வகைக் கார்டு, எழுத்து கூடியதும் படுத்துவிட்டது.

ஆகவே உங்களுக்கு என் முதல் யோசனை: முழு இன்ஸ்டாலை விட்டுவிட்டு லைவ் முறைக்கு, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டும் முறைக்கு, மாறுங்கள். 2000-இல் ஜெர்மனியின் கிளாவுஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் இந்த வழியைப் பிரபலமாக்கியது. அப்போது அது சிடி. சிடியில் எழுதவே முடியாது என்பதால், எழுதாமலே ஒரு இயங்குதளத்தை ஓட்டும் வித்தையை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இயங்குதளம் முழுவதும் சுருக்கப்பட்ட ஒரே பெரிய கோப்பாக இருக்கும், படிக்க மட்டும். நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் அதன்மேல் ரேமில் ஒரு மெல்லிய படலமாகப் படியும். சிடிக்காகச் செய்த அந்த வித்தை பென் டிரைவுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கிறது: எழுத்து மிகக் குறைவு, படிப்பதும் சுருக்கப்பட்ட கோப்பிலிருந்து என்பதால் வேகம். குறை என்னவென்றால், நிறுத்தியதும் எல்லாம் மறந்துபோகும். அதற்காக, நிலைத்த சேமிப்பு என்று தனியாக ஒரு பகுதியை வைத்துக்கொள்ளலாம். உபுண்டுவின் லைவ் முறையில் அது இருக்கிறது, ஆனால் மாற்றங்களை உடனுக்குடன் அந்தப் பகுதியில் எழுதிக்கொண்டே இருக்கும். பிரவுசர் ஓயாமல் எழுதும் தொல்லை மறுபடி ஆரம்பித்துவிடும்.

4 ஜிபி ரேமுக்கு நான் தயங்காமல் சொல்வது பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவின் பேரி காவ்லர் 2003-இல் தொடங்கியது. மொத்தமே சில நூறு எம்பிதான் என்பதால் பூட் ஆகும்போதே ரேமுக்குள் முழுசாக ஏறிவிடும். அதற்கப்புறம் அந்த லேப்டாப் உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடியதைவிட வேகமாக ஓடும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உங்கள் மாற்றங்கள் ரேமிலேயே இருந்து, நீங்கள் வைக்கும் இடைவெளியில் மட்டும் பென் டிரைவுக்குப் போகும். அந்த இடைவெளியைப் பூஜ்யம் என்று வைத்தால் தானாக எழுதுவதே இல்லை. மேசைமேல் இருக்கும் சேமிப்புப் பொத்தானை அழுத்தும்போதும், கம்ப்யூட்டரை நிறுத்தும்போது அது கேட்டு நீங்கள் சரி என்று சொன்னாலும் மட்டுமே எழுதும். நாள் முழுக்க ஆயிரக்கணக்கான சின்ன எழுத்துகளுக்குப் பதில் சாயங்காலம் ஒரே ஒரு பெரிய எழுத்து. கரண்ட் போய் பேட்டரியும் இல்லாவிட்டால் கடைசிச் சேமிப்புக்கு அப்புறம் செய்தது போய்விடும் என்பதை மறக்காதீர்கள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் பொத்தானை அழுத்திவிடுங்கள். தமிழ் தட்டச்சுக்கும் எழுத்துருவுக்கும் தனியாகச் சில மென்பொருள் பொதிகள் போட வேண்டியிருக்கலாம். முதல் நாளே போட்டுச் சேமித்துவிட்டால் முடிந்தது.

இல்லை, உபுண்டுவே வேண்டும், ப்ராஜெக்ட்டுக்கான கருவிகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன என்றால், எழுத்தைக் குறைக்கும் வேலையை நீங்களே செய்ய வேண்டும். பெரிய பலன் தருவது ஸ்வாப்பை நிறுத்துவது. ரேம் நிரம்பியதும் மிச்சத்தைப் பென் டிரைவில் கொட்டும் வேலை அது. 4 ஜிபி ரேமில் அது ஓயாமல் நடக்கும். அதற்குப் பதில் இசட்ரேம் போடுங்கள். ரேமுக்குள்ளேயே ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாக வைத்துக்கொள்ளும். இதை மட்டும் செய்தாலே உறைவதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். அடுத்தது ஃபயர்ஃபாக்ஸ். திறந்திருக்கும் தாவல்களின் நிலையை 15 வினாடிக்கு ஒருமுறை எழுதி வைக்கும். அதன் உள்ளமைப்புப் பக்கத்தில் அந்த இடைவெளி 15000 மில்லிவினாடி என்று இருக்கும், அதைப் பத்து நிமிடமாக, அதாவது 600000 என்று மாற்றுங்கள். பார்த்த பக்கங்களை டிஸ்க்கில் எழுதி வைக்கும் டிஸ்க் கேஷை அணைத்து ரேம் கேஷை மட்டும் விடுங்கள்.

அப்புறம், டிஸ்க்குகளை எப்படி இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஏடைம் என்பதையும் கமிட் 60 என்பதையும் சேருங்கள். முன்னது, கோப்பை எப்போது படித்தோம் என்று குறித்து வைக்கும் வேலையை நிறுத்தும். பின்னது, ஐந்து வினாடிக்கு ஒருமுறை குறிப்பேட்டை எழுதும் பழக்கத்தை நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றும். பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டியின் பதிவுகளை ரேமில் மட்டும் வைக்கும்படி மாற்றிவிடுங்கள். உபுண்டு தானாக அப்டேட் செய்வதையும் நிறுத்தி, வாரம் ஒருநாள் நீங்களே செய்யுங்கள். குறிப்பேட்டையே நீக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். ஒரு நாள் கரண்ட் போனாலோ பென் டிரைவ் தவறி அசைந்தாலோ கோப்பு முறை மொத்தமும் குழம்பும்; மிச்சமாகும் தேய்மானத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஃபிளாஷுக்கென்றே சாம்சங் உருவாக்கிய எஃப்2எஃப்எஸ் கோப்பு முறையும் நல்லதுதான், சிதறிய எழுத்துகளைச் சேர்த்து வரிசையாக எழுதும். புதிதாக இன்ஸ்டால் செய்வதாக இருந்தால் யோசிக்கலாம், இப்போது இருப்பதைக் கலைத்து மாற்றத் தேவையில்லை.

நண்பர் வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து உங்கள் பென் டிரைவுக்கு இன்ஸ்டால் செய்யப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். உபுண்டுவின் இன்ஸ்டாலர், பென் டிரைவைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள் என்றாலும், இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட் லோடரைக் கொண்டுபோய் அந்த லேப்டாப்பின் உள் டிஸ்க்கில் பூட் கோப்புகளுக்கென்று இருக்கும் இஎஃப்ஐ பகுதியில் எழுதிவிடும் வழக்கம் உண்டு. பென் டிரைவைப் பிடுங்கியதும் நண்பரின் விண்டோஸ் நேராக வராமல் கறுப்புத் திரையில் கிரப் என்று அந்த பூட் லோடரின் பெயரோடு நிற்கும். உள் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டோ, பயாஸில் அதை முடக்கிவிட்டோ செய்வதுதான் பத்திரம்.

பென் டிரைவ் எப்படிச் சாகும் என்று தெரிந்திருப்பது நல்லது. தெரியாவிட்டால் அது செத்ததே தெரியாது. தமிழ் அறிவிப்புகள் ஓடும் ஒரு திரைக்காக ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தேன், எஸ்டி கார்டிலிருந்து ஓடியது. எட்டு மாதம் கழித்து, அறிவிப்பை மாற்றினால் மறுநாள் பழையதே வருகிறது என்றார்கள். கார்டைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் போட்டேன். பழைய கோப்பை அழித்தேன், போய்விட்டது. கார்டை எடுத்துவிட்டு மறுபடி செருகினால் கோப்பு அங்கேயே இருக்கிறது, தேதிகூட மாறவில்லை. ஃபார்மாட் செய்தேன், வெற்றி என்று சொன்னது. செருகிப் பார்த்தால் எல்லாம் அப்படியே. தேய்ந்துபோன கார்டு எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தது, ஆனால் எழுதினேன் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது. உங்கள் பென் டிரைவில் நேற்று மாற்றிய பத்தி இன்று பழையபடி இருந்தால், மறுபடி டைப் செய்துகொண்டிருக்காமல் உடனே வேறு பென் டிரைவுக்கு மாறிவிடுங்கள். அந்த ராஸ்பெரி பையில் புதுக் கார்டு போட்டு, அதன் அமைப்புக் கருவியிலேயே இருக்கும் ஓவர்லே வசதியை இயக்கிவிட்டேன். கார்டு படிக்க மட்டும், மாற்றமெல்லாம் ரேமில். அதற்கப்புறம் அங்கிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை.

வேறு பென் டிரைவ் வாங்குவதாக இருந்தால், வாங்கிய அன்றே எஃப்3 என்ற கருவியால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். 64 ஜிபி என்று காட்டிக்கொண்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் சந்தையில் இருக்கின்றன. எட்டு ஜிபி நிரம்பும்வரை ஒழுங்காக இருக்கும், அதற்கப்புறம் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். மெமரி கார்டாக இருந்தால் ஏ1 அல்லது ஏ2 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சிதறிய எழுத்தில் ஏ1 வினாடிக்கு 500 முறையும் ஏ2 2,000 முறையும் தர வேண்டும் என்பது எஸ்டி தரநிர்ணயம். கிளாஸ் 10 என்ற எண் பெரிய கோப்புக்கான வேகத்தை மட்டுமே சொல்கிறது. விண்டோஸை இப்படி ஓட்டலாமா என்று அடுத்த கேள்வி வரும்: விண்டோஸ் டு கோ என்று ஒரு வசதி விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருந்தது, 2020-இல் விண்டோஸ் 10-இன் ‘2004’ என்ற எண்ணுள்ள பதிப்போடு மைக்ரோசாஃப்ட்டே எடுத்துவிட்டது. இப்போது சுற்றுவழிகளில் செய்யலாம், ஆனால் அது லினக்ஸைவிடப் பல மடங்கு எழுதும். சாதாரணப் பென் டிரைவில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பணம் கையில் வரும்போது ஹார்ட் டிஸ்க் தேடாதீர்கள். பழுதான டிஸ்க் இருந்த இடத்திலேயே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்காரும், 240 ஜிபி அளவே உங்கள் வேலைக்குத் தாராளம். பெரும்பாலான பழைய லேப்டாப்களில் அடிப்பக்க மூடியில் சில ஸ்க்ரூ கழற்றினால் போதும், வீட்டிலேயே மாற்றிவிடலாம். அதில் உபுண்டுவை வழக்கம்போல் போட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சிக்கனம் எதுவும் வேண்டியதில்லை. அந்தப் பென் டிரைவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பப்பியை அதிலேயே விட்டு, சேமிப்புக் கோப்பை மட்டும் அழித்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விடுதியில் யாருடைய லேப்டாப்பாவது பூட் ஆகாமல் நின்றால், செருகி ஓடவிட்டு, அதன் டிஸ்க்கிலிருந்து அவர்கள் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுக்கலாம்.